பரிசு பெற்ற நாவலும் பிற்போடப்பட்ட விழாவும்

பலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லியின் சிறு நாவலொன்றுக்கு 2023ஆம் ஆண்டு ஜேர்மனியில் ‘லிபெராத்தூர்’ பரிசு அறிவிக்கப்பட்டது. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா, அரபுலகம் ஆகிய பகுதிகளின் பெண் எழுத்தாளருக்கு வழங்கப்படும் பரிசு அது. ஒக்டோபர் 20ஆந் திகதி பிராங்க்பேர்ட் புத்தகக் கண்காட்சியில் அதனைக் கையளிக்க ஏற்பாடாகியிருந்தது. ஒக்டோபர் 7ஆந் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் காசாவிலிருந்து புறப்பட்டு இஸ்ரேலின் தென்பகுதிக் குடியிருப்புகளுட் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றனர். ஏறத்தாழ 250 பேரைப் பணயமாகக் கொண்டு சென்றனர். இஸ்ரேலின் குண்டுவீச்சு ஆரம்பித்தது. ஒரு வாரத்துள் பரிசு நிறுவனம் விழாவைப் பிற்போட்டது. எழுத்தாளரும் இதற்கு இணங்கினார் என்பதுபோல முதலிற் சொல்லப்பட்டது. அவர் இணங்கவில்லை என்று அவர் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. அப்துல்றசாக் குர்னா, ஆனி ஏர்னோ, ஒல்கா தொகார்சுக் முதலிய நொபெல் பரிசாளர் உட்பட நூற்றுக்கணக்கான எழுத்தாளர் ஒப்பமிட்ட கண்டனக் கடிதமொன்று வெளியாயிற்று.

இச்சம்பவம் குறித்து நம்மவர் பலரும் பேசினர். எழுத்துச் சுதந்திரம் பறிபோயிற்று என்று முழங்கியோர் உண்டு. ஒக்டோபர் 7க்குப் பின் அவ்விழா தகாது என வாதித்தோரும் உண்டு. நாவலைப் படித்துவிட்டுப் பேசியோர் எத்தனை பேர் என்பதை நான் கேட்கப் போவதில்லை. ஆனால் இலக்கிய விமர்சகனுக்கு அதுவே முதற் கேள்வியாதல் வேண்டும். ஒரு நூலில் இனத்துவேஷம் உண்டு என்பது நூலைப் பற்றிய கூற்று. அதை நிறுவும் இடம் நூலின் பக்கங்கள். எழுதியவரின் பிறப்போ, நூல் வெளிவந்து ஆண்டுகள் கழித்து மூண்ட யுத்தமோ அதற்குச் சாட்சியாக மாட்டா. இவ்வளவு எளிய விதியை இஸ்ரேல் பற்றிய வாதப்பிரதிவாதங்களில் எல்லாத் தரப்பினரும் மீறி வருகின்றனர். நமது தரப்பும் மீறியிருக்கிறது. அதையுஞ் சேர்த்துச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

‘சிறு விவரம்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அந்நாவல் 2017இல் அரபியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 2020இலும் ஜேர்மனில் 2022இலும் வந்தது. இரு பகுதிகள் கொண்டது. முதற்பகுதி 1949 ஒகஸ்ட் மாதத்தில் நெகேவ் பாலைவனத்தில் நிகழ்கிறது. எல்லையைக் காவல் செய்ய வந்து கூடாரமடித்த இஸ்ரேலியப் படைப்பிரிவொன்று. அதன் தளபதியை இரவில் ஏதோ ஒரு பூச்சி தொடையிற் கடித்துவிடுகிறது. புண் அழுகிக்கொண்டிருக்க அவன் நாள்தோறும் உடலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான்; சவர்க்காரம், துவாய், பாத்திரத்து நீர் என ஒவ்வோர் அசைவும் சொல்லப்படுகிறது. அவன் மனத்துள் என்ன நிகழ்கிறது என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. படையினர் பெடுவின் கூட்டமொன்றைக் கண்டு சுட்டுத் தள்ளுகின்றனர், ஒட்டகங்களும் மடிகின்றன. எஞ்சியவள் ஒரு பெண், எஞ்சியது ஒரு நாய். அப்பெண்ணை முகாமுக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் நீர் பாய்ச்சிக் கழுவி, தலைமயிரை வெட்டிப் பெற்றோல் ஊற்றுகின்றனர். பின் பலாத்காரம். பின் கொலை, மணலிற் புதைப்பு. இவை யாவும் அதே தொனியில், தளபதி தன் கையைக் கழுவுவதைச் சொன்ன அதே தொனியிற் சொல்லப்படுகின்றன. நாய் மட்டும் ஊளையிடுகிறது. அப்பெண் ஏதோ சொல்கிறாள். அவள் மொழி அங்குள்ளோருக்கு விளங்காது, நமக்கும் விளங்கப்படுத்தப்படுவதில்லை.

இரண்டாம் பகுதி பல ஆண்டுகள் கழித்து றமல்லாவில் வாழும் பெண்ணொருத்தி தானே சொல்வது. இச்சம்பவத்தைப் பத்திரிகையொன்றிற் படிக்கிறாள். கொலை நிகழ்ந்த திகதிக்குச் சரியாக 25 ஆண்டுகளின் பின் அதே திகதியில் தான் பிறந்தவள் என்ற அற்ப விவரம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. தன் அடையாள அட்டையோடு செல்லக்கூடாத இடங்களுக்குச் சக ஊழியையின் அட்டையை இரவல் வாங்கி, வேறொருவர் பெயரில் வாடகைக் கார் எடுத்துப் புறப்படுகிறாள். மடியில் இரண்டு தேசப்படங்கள். ஒன்று இன்றைய இஸ்ரேலுடையது. மற்றது 1948க்கு முந்திய பலஸ்தீனத்தினுடையது. ஒன்றிலுள்ள ஊர்கள் மற்றதில் இல்லை. இந்தப் பயணப் பகுதி முழுவதிலும் ஓர் உரத்த சொல் இல்லை. சோதனைச் சாவடியில் அவளுக்கு உண்டாகும் நடுக்கத்தை அறிய நம் வடக்குக் கிழக்கு வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

நாவலின் மூலச் சம்பவம் கற்பனையன்று. 1949 ஒகஸ்டில் நிரீம் காவலரணில் நிகழ்ந்தது. இஸ்ரேலிய இராணுவ நீதிமன்றமே விசாரித்துப் படைவீரர் பலரைத் தண்டித்தது. தளபதிக்கு 15 ஆண்டுச் சிறை. அரை நூற்றாண்டின் பின், 2003இல், அதை விரிவாக வெளிக்கொணர்ந்ததும் ‘ஹாரெட்ஸ்’ என்ற இஸ்ரேலிய நாளேடுதான். பலஸ்தீனப் பெண் கட்டிய பொய் இது என்று கூறுவதற்கு இடமில்லை.

அப்படியானால் குற்றச்சாட்டு என்ன? இந்நாவலில் வரும் இஸ்ரேலியர் யாவரும் பெயரற்ற கொலைஞரும் காமுகருமே, பலஸ்தீனர் யாவரும் பாதிக்கப்பட்டோரே என்று பெர்லின் நாளேடொன்றில் விமர்சகர் ஒருவர் எழுதினார். நடுவர் ஒருவரும் முன்னதாகவே குழுவிலிருந்து விலகியிருந்தார். இக்குற்றச்சாட்டை நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இஸ்ரேலியருக்குப் பெயரில்லை என்பது மெய். கொல்லப்பட்ட பெண்ணுக்கும் பெயரில்லை. கதை சொல்பவளுக்கும் பெயரில்லை. நாவல் முழுவதிலும் பாத்திரம் எதற்கும் பெயர் சூட்டப்படவில்லை. இது ஆசிரியர் கைக்கொண்ட முறை, ஓரினத்தாரை இழிவுசெய்யும் உபாயமன்று. இரண்டாம் பகுதியில் நிரீமில் அவளை வரவேற்று, தங்க இடங்கொடுத்து, ஊரின் வரலாற்றை அமைதியாக எடுத்துரைக்கும் முதியவரும் இஸ்ரேலியரே. அவர் கொடியவரல்லர். தம் ஊரின் கதையைத் தம் பக்கத்திலிருந்து மட்டும் அறிந்தவர். அவரை அப்படிப் படைத்தமை துவேஷமா? அம்முதியவரைக் கணக்கிற் கொள்ளாது ‘யாவரும்’ என்று எழுதுவது விமர்சகருக்கு அழகன்று.

இந்நாவலிற் குறை காண்பதற்கில்லையா என்றால், தாராளமாக உண்டு. முதற்பகுதியின் நாய், பெற்றோல் மணம், நீர் ஆகியவை இரண்டாம் பகுதியில் ஒன்றொன்றாக மீண்டும் வந்து நிற்பது ஒரு கட்டத்தில் வலிந்து கட்டிய ஒழுங்காகப்படுகிறது. இறுதியில் அவள் சுவிங்கம் எடுக்கப் பைக்குட் கை விடும்போது சுடப்படுவாள் என்பதைக் கூரிய வாசகர் இருபது பக்கத்துக்கு முன்பே ஊகித்துவிடலாம். அதைவிடப் பாரதூரமான குறை ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இதில் வரும் கதாநாயகி முற்றிலும் தனியள். றமல்லாவிலே தொழிற்சங்கம், கட்சி, மாணவர் இயக்கம், மகளிர் குழு எதுவுமே இல்லாததுபோல நாவல் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சமுதாயத்தின் துன்பம் ஒருத்தியின் நரம்புத் தளர்ச்சியாகக் குறுகிவிடுகிறது. இவையெல்லாம் வாதிக்கத்தக்கவை. பிராங்க்பேர்ட் மேடையில் இவற்றை ஆசிரியரின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். மேடையே இல்லாமற் போனதால் விமர்சனமும் இல்லாமற் போயிற்று.

ஜேர்மனியரின் அச்சத்தை நான் போலி என்று தள்ளமாட்டேன். ஐரோப்பாவின் யூதர் 60 லட்சம் பேரைக் கொன்றொழித்த அரசு அந்நாட்டில் இருந்த அரசு. அந்த நஞ்சு முழுவதும் வற்றிவிடவுமில்லை. 2019 ஒக்டோபர் 9ஆந் திகதி, யூதரின் புனித நாளான யோம் கிப்பூரில், ஹாலே நகரத் தொழுகை ஆலயத்துள் துப்பாக்கியோடு புக முயன்ற தீவிர வலதுசாரி ஒருவன், கதவு உடையாமையால் வெளியே இருவரைச் சுட்டுக் கொன்றான். அக்கதவு உடைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணும் யூதத் தாயை நோக்கி ‘நீர் மிகைப்படுத்துகிறீர்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஹாலேயிற் சுட்டவன் ஜேர்மானியன். ஷிப்லியின் நாவலைப் படித்துத் துவக்கெடுத்தவனல்லன். தன் முன்னோர் செய்த பாவத்துக்கான பிராயச்சித்தத்தை, அப்பாவத்திற் பங்கில்லாத வேறொரு ஜனங்களின் வாயை அடைத்துச் செலுத்துவது மலிவான பிராயச்சித்தம். அக்கண்காட்சியின் தொடக்க விழாவில் மெய்யியலாளர் சிலவோய் சிசெக் ஹமாஸின் தாக்குதலைக் கண்டித்துவிட்டே பலஸ்தீனரின் நிலையையும் கேளுங்கள் என்றார். விழாப் பிற்போடலையுஞ் சாடினார். யூத துவேஷத்தை எதிர்ப்பதற்கென நியமிக்கப்பட்ட மாநில அதிகாரியே சபையில் எழுந்து குறுக்கிட்டார்.

இவ்விடத்தில் வேறொரு நூலை நினைவுகூர வேண்டும். ஷிப்லியின் நாவல் விவரிக்கும் அதே 1949ஆம் ஆண்டில், ஹீப்ரு மொழியில், எஸ். யிஸ்ஹார் என்ற புனைபெயரில் யிஸ்ஹார் ஸ்மிலான்ஸ்கி ‘கிர்பெத் கிஸே’ என்ற நெடுங்கதையை வெளியிட்டார். 1948 யுத்தத்திற் படையிற் பணியாற்றியவர். இஸ்ரேலின் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தவர். கற்பனைக் கிராமமொன்றின் அரபு மக்களை, முதியோரும் பெண்களும் குழந்தைகளுமாக, இளம் படைவீரர் லொறிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்புவதே கதை. அதைச் சொல்பவன் அப்படைவீரருள் ஒருவன். நாடு நாடாகத் துரத்தப்பட்ட தன் இனத்தின் வரலாறு அவன் கண்முன் தோன்றுகிறது. துரத்துபவன் இப்போது தான் என்பதும் தெரிகிறது. தெரிந்தும் அவன் எதையும் தடுக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை மறைக்காததே கதையின் சிறப்பு. 1964இல் இக்கதை இஸ்ரேலிய உயர்பள்ளிகளில் விருப்பப் பாடமாகவும் இடம்பெற்றது. 1978இல் றாம் லோவி இதனைத் தொலைக்காட்சிப் படமாக்கியபோது கல்வியமைச்சர் ஒளிபரப்பைத் தடுத்தார்; தொலைக்காட்சி ஊழியர் எதிர்ப்புத் தெரிவித்து, படம் ஓட வேண்டிய நேரம் முழுவதும் திரையை இருட்டாக விட்டனர். சில நாட்களிற் படம் காட்டப்பட்டது.

தொழிலாளர் திரையை இருட்டாக்கி ஒரு கதையைக் காப்பாற்றினர் என்பது நம் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிற் சொல்லத்தக்க செய்தி. ஆனால் இங்கு எனக்கு வேண்டியது வேறு. யிஸ்ஹார் ஹீப்ருவில் எழுதினால் மனச்சாட்சியின் குரல், அதே வகைச் சம்பவத்தை ஷிப்லி அரபியில் எழுதினால் துவேஷம் என்றால், அளவுகோல் நூலின்மேல் வைக்கப்படவில்லை. எழுதியவரின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆளைப் பார்த்து அளக்கும் இம்முறைக்கு யூதரே நூற்றாண்டுகளாகப் பலியானவர்கள்.

நம் பக்கத்தைப் பார்ப்போம். 1952 ஒகஸ்ட் 12ஆந் திகதி இரவு மொஸ்கோவிற் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரெட்ஸ் மார்க்கிஷ், டேவிட் பேர்கெல்சன், டேவிட் ஹொவ்ஸ்டைன், லெய்ப் குவிட்கோ, இட்சிக் பெபெர் ஆகிய இத்திஷ் மொழி எழுத்தாளர் ஐவரும் அவர்களுள் அடங்குவர். ஹிட்லருக்கு எதிரான யுத்தத்தில் உலக யூதரின் ஆதரவைத் திரட்டவென அமைக்கப்பட்ட குழுவிற் பணிபுரிந்தமையே அவர்களுக்கு வினையாயிற்று. 1955இல் அத்தீர்ப்பு ரத்துச் செய்யப்பட்டது, செத்தவர் வரவில்லை. 1952 நவம்பரில் பிராக் நகர வழக்கில் நிறுத்தப்பட்ட 14 கம்யூனிஸ்டுத் தலைவருள் 11 பேர் யூதப் பிறப்பினர். ‘சியோனிஸச் சதி’ என்ற சொல் அங்கு தாராளமாகப் புழங்கியது. 11 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1968இல் போலந்தில் ‘சியோனிஸ்டுகளை’ வெளியேற்றுவோம் என்ற இயக்கத்தின் விளைவாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் நாட்டைவிட்டுப் போயினர். அவர்களுட் பலர் வாழ்நாள் முழுவதும் கட்சிக்கு உழைத்தவர்கள். இவற்றை ஏகாதிபத்தியப் பிரசாரம் என்று ஒதுக்கிய முற்போக்காளர் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தனர். சியோனிஸம் ஓர் அரசியற் கொள்கை. 1948இல் ஏழு லட்சம் பலஸ்தீனர் வீடிழந்ததற்கு அது பதில் சொல்லியாக வேண்டும். அதை எதிர்க்கும் உரிமையைக் கேட்கும் நாம், அச்சொல்லை ‘யூதன்’ என்பதற்கு இரகசியப் பெயராகப் பயன்படுத்தியோரையும் மறைத்தலாகாது.

சொல்லத்தக்க யூத சமூகம் எதுவும் வாழாத நம் நாட்டில் இது ஏன் என்று கேட்கலாம். யூதர் இல்லாவிடினும் யூதரைப் பற்றிய எண்ணம் உண்டு. சிலருக்கு அது பாஸ்கு மேடையிலிருந்து வந்தது, சிலருக்கு ஷைலொக்கிலிருந்து. என் வகுப்பில் மாணவரொருவர் காசாவைப் பற்றி எழுதிய கட்டுரையில், இஸ்ரேல் அரசு என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘யூதர்’ என எழுதியிருந்தார். நல்ல கட்டுரை, கோபமும் நியாயமானது. 2025 நடுப்பகுதிக்குள் காசாவில் இறந்தோர் தொகை 60,000ஐத் தாண்டிவிட்டதென அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்குக் காட்டியது. அக்கணக்கைப் பார்த்துக் கோபங்கொள்ளாத மாணவரை நான் விரும்பமாட்டேன். ஆயினும் அச்சொல்லின் கீழ் ஒவ்வோரிடத்திலுங் கோடிட்டேன். “அவங்கள்தானே சேர் அடிக்கிறாங்கள்?” என்றார். ‘தமிழர் எல்லாரும்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களைத் தென்னிலங்கைப் பத்திரிகைகளில் எத்தனை முறை வாசித்திருக்கிறீர் என்று கேட்டேன். அவர் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி எழுதினார். முழுமனதோடு எழுதினார் என்று சொல்ல மாட்டேன்.

இதில் நமக்கு வழிகாட்டியாக ஒருவர் இருக்கிறார். அவர் மென்மையாளர் அல்லர். கஸான் கனபானி 1936இல் பிறந்தவர். 12 வயதிற் குடும்பத்தோடு அகதியானவர். பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளர். அவர் 1967இல் எழுதிய ஆய்வு நூல் ‘சியோனிஸ இலக்கியம்’ பற்றியது. தம் எதிரிகளின் நாவல்களைத் தேடிப் படித்து, அவை எவ்வாறு ஒரு நாட்டைக் கட்டின என்று ஆராய்ந்தார். இரண்டாண்டின் பின் வந்த ‘ஹைபாவுக்குத் திரும்புதல்’ என்ற கதையில், 1948இற் கைவிட்டு வந்த வீட்டையும் கைக்குழந்தையையும் தேடிப் பலஸ்தீனத் தம்பதியர் இருபதாண்டு கழித்துச் செல்கின்றனர். அவ்வீட்டிலிருப்பவள் மிரியம்; தந்தையை அவுஷ்விட்சில் இழந்த போலந்து யூதப் பெண். குழந்தையை அவளே வளர்த்தாள். அவன் இப்போது இஸ்ரேலியப் படைவீரன். மிரியத்தை ஒரு சூனியக்காரியாகச் சித்திரித்திருந்தாற் கைதட்டல் கிடைத்திருக்கும். கனபானி அவளுக்குத் துயரமும் கண்ணியமும் கொடுத்தார். அதனால் அவரது அரசியற் கோபம் சிறிதுந் தணியவில்லை. கதை முடிவைப் படித்தோர் அறிவர். 2008இல் தெல் அவீவின் கமேரி நாடக அரங்கு அக்கதையை ஹீப்ருவில் மேடையேற்றியது.

அவரை 1972 ஜூலை 8ஆந் திகதி பெய்ரூட்டில் காரிற் குண்டு வைத்துக் கொன்றனர். உடனிருந்த மருமகள் லமீசும் மாண்டாள், வயது 17. இஸ்ரேலிய உளவுத்துறையின் செயலென்றே பரவலாகக் கொள்ளப்படுகிறது. இதைச் சொல்லும் நாம், அதற்கு ஆறு வாரம் முன்பு, மே 30இல், லொட் விமான நிலையத்தில் அவரது இயக்கத்தின் பெயரால் ஜப்பானிய ஆயுததாரிகள் 26 பேரைக் கொன்றதையுஞ் சொல்ல வேண்டும். மாண்டோருட் பெரும்பாலோர் புவேர்த்தோ றிக்கோவிலிருந்து வந்த யாத்திரிகர். துப்பாக்கி தன் பக்கத்தாரையும் விடுவதில்லை. 1983 பெப்ரவரியில் ஜெருசலேமில் சமாதான ஊர்வலத்திற் சென்ற எமில் குருன்ஸ்வைக் என்ற இஸ்ரேலியரை இன்னோர் இஸ்ரேலியர் கைக்குண்டு வீசிக் கொன்றார். அதே ஆண்டு ஏப்ரலில், இஸ்ரேலியரோடு பேசத் துணிந்த பலஸ்தீனரான இஸ்ஸாம் ஸர்தாவியைப் பலஸ்தீனக் குழுவொன்று போர்த்துக்கலிற் சுட்டுக் கொன்றது. 2025 மே மாதம் வாஷிங்டனில் யூத நூதனசாலையின் வெளியே இஸ்ரேலியத் தூதரக ஊழியர் இருவரைக் கொன்றவன் பலஸ்தீன விடுதலைக் கோஷத்தை எழுப்பினான். அக்கோஷம் அவனுக்குச் சொந்தமல்ல என்று நம் மேடைகளிற் சொன்னவர் எத்தனை பேர்?

நம் நாட்டிலும் இவ்விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. 2025 மார்ச்சில் கொழும்பு வர்த்தக நிலையமொன்றில் இஸ்ரேலை ஏசும் ஒட்டுப்படமொன்றை ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டு வாரத்தின் பின் நிபந்தனைகளோடு விடப்பட்டார். ஒட்டுப்படத்தின் சொல் நாகரிகமானதன்று. என் மாணவர் எழுதியிருந்தால் அதற்குங் கோடிட்டிருப்பேன். ஆனால் அது ஓர் அரசை ஏசியது, ஒரு ஜாதியை ஏசவில்லை. 1979இல் ‘தற்காலிகம்’ எனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் எத்தனை தமிழ் இளைஞரின் வாழ்வை விழுங்கியது என்பதை அறிந்த நம்மிற் பலர், இம்முறை பிடிபட்டவர் முஸ்லிம் என்பதாற் பேசாதிருந்தனர். முற்போக்கு என்று சொல்லிக்கொள்ளும் நண்பர் சிலரும் அவ்வாறே இருந்தனர்.

நிரீமைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். 2023 ஒக்டோபர் 7இல் தாக்கப்பட்ட குடியிருப்புகளில் நிரீமும் ஒன்று. அங்கும் மக்கள் கொல்லப்பட்டனர். 1949இல் மணலிற் புதைக்கப்பட்டவளுக்காக அழுபவன் இவர்களுக்காக அழக்கூடாது என்றோ, இவர்களுக்காக அழுபவன் அவளைப் பற்றிய நாவலை மூடிவைக்க வேண்டுமென்றோ எந்த நியாயமும் இல்லை.

சென்ற மாதம் மேல்வகுப்பு மாணவர் வாசகர் வட்டத்தில் ஷிப்லியையும் யிஸ்ஹாரையும் ஒருங்கே எடுத்துக்கொண்டோம். ஆங்கில மொழிபெயர்ப்புகளிலிருந்து நான் தமிழிற் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டனர். இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. பெடுவின் பெண்ணுக்குப் பேச்சே கொடாதது ஆசிரியரின் பெருங்குறை என்றார் ஒரு மாணவி. கொல்லப்பட்டவளின் பேச்சை யார் கேட்டு வைத்திருந்தார்கள், இட்டுக்கட்டியிருந்தால் அதுவன்றோ பொய் என்றார் இன்னொருவர். யிஸ்ஹாரின் படைவீரன் அழுதுகொண்டே லொறியில் ஏற்றினான், அழாமல் ஏற்றியவனிலும் அவன் மேலானவனா என்று கட்டுரையைத் திருத்தி எழுதிய அதே மாணவர் கேட்டார். நேரமாகிவிட்டமையால் அக்கேள்வியை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துள்ளோம்.